தலைவரைப் பார்த்துப் பேசவும்

எதிர்த்துப் பேச ஆள் கிடைக்கவில்லை.

அர்த்தனாரி வாத்தியார் நான்கு நாட்களாகத் திண்ணனூர் நாட்டில் வீடு வீடாக ஏறி இறங்கிவிட்டார். கொல்லிமலைக்கு வண்டிப்பாதை போடலாமா என்று ஊரின் கருத்தைக் கேட்டு ஜில்லா போர்டிலிருந்து காகிதம் வந்திருந்தது. பத்து நாளில் பதில் போக வேண்டும். வேறொருவராக இருந்தால் ஊர்ப் பெரியவரைக் கேட்டு இரண்டு வரி எழுதி அனுப்பியிருப்பார். அர்த்தனாரி படிக்கிற காலத்தில் சேலத்தில் சொற்போருக்கு வெள்ளிப் பதக்கம் வாங்கியவர். இரண்டு கட்சி எதிரெதிரே நின்று வாதாடினால்தான் உண்மை வெளியே வரும் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

மலைக்காரர்களோ அவரிடம் எதற்கும் மறுப்புச் சொல்வதில்லை. பாதை வேண்டுமென்று பேசச் சொன்னால் சரி என்றார்கள். வேண்டாமென்று பேசச் சொன்னால் அதற்கும் சரி என்றார்கள். ஒருவர், யார் மனமும் நோகக் கூடாது என்று, இரண்டு கட்சிக்கும் தானே பேசித் தருவதாக ஒப்புக்கொண்டார்.

கடைசியில் வழி சொன்னவள், முற்றத்தில் மிளகு உலர்த்திக்கொண்டிருந்த கண்ணாயி.

"எங்க ஊட்டுக்காரரு ஒரு பக்கம் பேசட்டுங்க. எதிர்ப்பக்கத்துக்கு மேக்காட்டுக்காரரைக் கூப்பிடுங்க. சென்றாயன்னு பேரு."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாத்தியார் அதைக் கவனிக்கவில்லை. மலைக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு பக்கம் கண்ணாயியின் கணவர் சின்னராசு, எதிர்ப்பக்கம் சென்றாயன் என்று பேர்களைக் குறித்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மைதானம் நிரம்பிவிட்டது. இவ்வளவு கூட்டத்தை வாத்தியாரே எதிர்பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்து நாற்காலியை நடுவில் போட்டு, மணியை மடியில் வைத்துக்கொண்டு விதிகளைச் சொன்னார். தலைப்பை விட்டு விலகக் கூடாது. பேசுகிறவர் தலைவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். எதிர்க்கட்சிக்காரரிடம் நேராகப் பேசக் கூடாது.

அந்த விதியை இருவரும் பிறந்ததிலிருந்து பழகியவர்கள்போல் கடைப்பிடித்தார்கள். சின்னராசு அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. பலாப்பழத்தைத் தலையில் சுமந்து அடிவாரம் போய்ச் சேர்வதற்குள் பாதி அழுகிவிடுகிறது என்றார். போன மழைக்குத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு போன பிள்ளைத்தாய்ச்சிக்குப் பாதி வழியிலேயே பிரசவமானதைச் சொன்னார். கூட்டம் 'உச்' கொட்டியது. வாத்தியார் பூரித்துப்போனார்.

அடுத்துச் சென்றாயன் எழுந்தார்.

"வாத்தியாரே, அந்தாளு என்ன சொன்னாருங்க?"

பத்தடி தூரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டவர்தான். ஆனாலும் விதி விதிதானே என்று வாத்தியார் சுருக்கிச் சொன்னார். சென்றாயன் பதில் சொன்னார்: பாதை வந்தால் நம்ம பழம் இறங்கும், ஆனால் மரம் வெட்டுகிறவனும் சாராயம் விற்கிறவனும் ஏறி வருவான். இப்போது சின்னராசு கேட்டார், அந்தாளு என்ன சொன்னாரென்று. அதையும் வாத்தியாரே சொன்னார்.

இப்படியே ஒரு மணி நேரம் போயிற்று. வாத்தியாரின் தொண்டை கட்டிவிட்டது. போதாததற்கு, அவர் செந்தமிழில் திருப்பிச் சொன்னதை இரண்டு பேருமே தங்கள் பேச்சு இல்லை என்று மறுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் இரு கட்சியும் சேர்ந்து அவரோடு வாதாட ஆரம்பித்தன.

ஒருவர் பேச்சு மற்றவர் காதில் சரியாக விழாததுதான் கோளாறு என்று வாத்தியார் முடிவு கட்டினார். இரண்டு பேரையும் தன் நாற்காலிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று முட்டி இடிக்க உட்கார வைத்தார்.

சென்றாயன் சாராயத்தைப் பற்றி மறுபடி ஆரம்பித்தார். சின்னராசு சட்டென்று திரும்பி, வாத்தியாரின் வயிற்றுக்கு மேலாகத் தலையை நீட்டினார்.

"அந்த முட்டியை வச்சுக்கிட்டு இன்னும் எத்தன வருசம் மச்சான் பலா சுமப்பே?"

மைதானம் அடங்கிப்போயிற்று. குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்தவளின் கைகூட நின்றுவிட்டது. விதியை மீறியதைக் கண்டு சபை அதிர்ந்துவிட்டது என்று வாத்தியார் புரிந்துகொண்டார். மணியை அடித்தார். சபையில் மச்சான், மாப்பிள்ளை என்ற பேச்சுக்கெல்லாம் இடமில்லை, தலைவரைப் பார்த்துப் பேசவும் என்றார்.

சென்றாயன் தன் முட்டியைத் தடவிவிட்டுக்கொண்டார்.

"முட்டி வலின்னு உனக்கு ஆரு சொன்னா, மாப்பிள்ளே?"

வாத்தியார் மறுபடி மணி அடித்தார். யாரும் காதில் வாங்கவில்லை. எழுந்து குறுக்கே நின்றார். சின்னராசு அவரைத் தோளைப் பிடித்து, கதவைத் திறப்பதுபோல் மெதுவாக ஒரு பக்கம் நகர்த்திவிட்டு, காலி நாற்காலியில் தான் உட்கார்ந்துகொண்டார். பேச்சு பாதையிலிருந்து முட்டிக்குப் போயிற்று. முட்டியிலிருந்து ஏதோ ஒரு நோம்பி விருந்துக்கும், அதில் யாருக்கு முதலில் இலை போட்டார்கள் என்பதற்கும் போயிற்று. குரல்கள் உயர்ந்தன. பிறகு ஒருவர் அழுதமாதிரி இருந்தது. தலைப்பு, தலைப்பு என்று கட்டிய தொண்டையோடு வாத்தியார் கத்திப் பார்த்தார். கூட்டத்தில் இரண்டு பேர் அவரைச் சும்மா இருக்கச் சொல்லிக் கையமர்த்தினார்கள்.

வெயில் சாய்ந்தபோது இருவரும் எழுந்து, பேசிக்கொண்டே சின்னராசு வீட்டுப் பக்கமாக இறங்கிப் போய்விட்டார்கள். கை தூக்கவும் இல்லை, தீர்மானமும் இல்லை. கூட்டம் என்னவோ திருப்தியோடு கலைந்தது.

ஜில்லா போர்டுக் காகிதம் வாத்தியார் கையில் வெறுமையாக இருந்தது. வாழ்நாளில் அவர் தலைமை வகித்த முதல் விவாதம் இப்படிப் பாழாகும் என்று நினைக்கவே இல்லை. மைதானத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த கண்ணாயியிடம்தான் அதைச் சொல்ல முடிந்தது. ஒரு விதியைக்கூட மதிக்காமல் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டு போய்விட்டார்கள், முடிவு என்று ஒன்று வரவே இல்லையே என்றார்.

கண்ணாயி பாயை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். அடுப்பு மூட்ட வேண்டும், சேவலை அடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் நடந்துகொண்டேதான் பதில் சொன்னாள்.

"முடிவு மெதுவா வரட்டுங்க வாத்தியாரே, எங்க அண்ணனும் எங்க ஊட்டுக்காரரும் மூஞ்சி பார்த்துப் பேசி இன்னையோட ஒம்போது வருசமாச்சுங்க."