அக்காவின் ‘ஹோய்’க்குச் சான்று தேவை

உலகத்தில் பாட்டுப் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதைக் கேட்டுத் தலையாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு கூட்டத்தையும் நம்பாத மூன்றாவது இனம் ஒன்று உண்டு. அதற்குத் திருத்தர் என்று பெயர். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் திறந்து கிடக்கிறதே, அதில் பாப் பாட்டுகளைப் பற்றிய பக்கங்களில்தான் இவர் குடியிருப்பு. சம்பளம் கிடையாது. யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவும் இல்லை. ஆனாலும், தான் தூங்கிய நேரத்தில் எந்தப் பாவி எந்தப் பாட்டின் கீழே என்ன எழுதிவைத்தான் என்று பார்க்காமல் இவர் பல் துலக்கமாட்டார்.

நமக்குத் தெரிந்த ஒருவரையே எடுத்துக்கொள்வோம். வெளியுலகத்தில் அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். களஞ்சியத்தில் அவர் பெயர் ஆதாரப்புலி. அவர் கடைக்குப் போயிருக்கிறீர்களா? ஒற்றைக் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, எழுத்துப் பலகையைப் பார்த்தபடி, கை மரத்துப்போய் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் கணினியில் தட்டிக்கொண்டிருப்பார்.

“சார், கண்ணைத் திறக்கலாமா?”

“கொஞ்சம் இருங்க. ஒருத்தன் டிஸ்கோன்னு போட்டுட்டான்.”

அந்த ஒருத்தன் பெயர் தாளக்கட்டை. ‘லிஃப்ட் வரலே’ என்று ஒரு பழைய பாட்டு. ‘ஈரக்குடை’ என்ற குழு பாடியது. அது பாப் என்பது நம்மவர் கட்சி. டிஸ்கோ என்பது தாளக்கட்டையின் கட்சி. இவர் மாற்றுவார், அவர் திருப்பி மாற்றுவார். பக்கத்தை அடுத்த உரையாடல் பகுதியில் இருவரும் எழுதிக் குவித்ததை அச்சடித்தால் பாட்டைவிட, குழுவைவிட, குழு பிறந்த ஊரின் வரலாற்றைவிடப் பெரிய புத்தகமாகும். மரியாதைக்கு மட்டும் குறைவே இல்லை. ‘அன்பின் தாளக்கட்டை அவர்களே’ என்று ஆரம்பித்தால் நம்மவருக்குக் கோபம் என்று அர்த்தம். ‘தங்கள் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை’ என்று முடித்தால், எதிரே கிடைத்தால் கழுத்தைப் பிடித்துவிடுவார் என்று அர்த்தம். கடைசியில் ‘நடுநிலை’ என்ற பெயருடைய நிர்வாகி வந்து பக்கத்தைப் பூட்டுவார். பூட்டியதும் இரண்டு பேருக்கும் சொந்தக்காரர் ஊருக்குப் போனதுபோல வீடு வெறிச்சென்று இருக்கும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அக்கா வந்தாள்.

அக்கா என்றால் கடைக்காரரின் கூடப்பிறந்த அக்கா. கடைக்கு இரண்டு தெரு தள்ளி, பச்சைக் கதவு போட்ட வீட்டில் இருக்கிறாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியை. ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் பிரேக் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். அந்தக் குரல் சின்ன வயதிலேயே அப்படித்தான். ‘லிஃப்ட் வரலே, லிஃப்ட் வரலே’ என்று ஈரக்குடைக்காரர்கள் இழுத்து நிறுத்தியதும் ஒரு பெண்குரல் ‘ஹோய்!’ என்று பாய்ந்து வருமே, ஊரே அதற்காகத்தானே காத்திருக்கும், அந்த ஹோய் அக்காவுடையது. குழுவில் அவள் இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்தின் மாடியில் தட்டச்சுப் பழகப் போனவளை, கீழே சத்தம் தாங்காமல் சண்டைக்கு வந்தவளை, அவள் போட்ட சத்தத்துக்காகவே பிடித்து மைக்குக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். பெயர் போடவில்லை. அவளும் கேட்கவில்லை.

அன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போன தம்பி, ஒரு ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து பிஸ்கெட் தின்றபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் தம்பிதான் நம் ஆதாரப்புலி.

“டேய், எனக்கு ரிடையர்மெண்ட் விழா வைக்கிறாங்கடா,” என்றாள் அக்கா. “பசங்க எல்லாம் சேர்ந்து அந்தப் பாட்டோட பக்கத்தைப் பெரிய திரையில காட்டப் போறாங்களாம். என் பேரும் அதுல இருந்தா நல்லா இருக்கும்னு ஆசைப்படறாங்க.” கொஞ்சம் நிறுத்தி, கண்ணாடிச் சட்டங்களைப் பார்ப்பதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். “எனக்கும் ஆசையாத்தான் இருக்கு.”

வாழ்நாளில் அவள் தம்பியிடம் கேட்ட முதல் காரியம் அது. அவர் என்ன சொன்னார் தெரியுமா?

“சான்று இருக்கா?”

“நீதான் பக்கத்துல உட்கார்ந்திருந்தியே!”

“நேர்ல பார்த்தது செல்லாதுக்கா. யாராவது எழுதியிருக்கணும். நான் எழுதினா அதுவும் செல்லாது. நான் உனக்குத் தம்பி.”

அக்கா போய்விட்டாள். அவளிடம் கார் பழகிய யாரோ ஒருவர் அன்றைக்கே அந்தப் பக்கத்தில் அவள் பெயரைச் சேர்த்துவிட்டார். நம்மவர் அதைப் பார்த்தார். மனம் ஒரு நிமிடம் இளகியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிஸ்கெட்டின் ருசிகூட நாக்கில் வந்தது. பிறகு நீக்கினார். யாரோ ஓடிப்போய்த் தகவல் சொல்ல, ஈரக்குடையின் தலைவரே, தள்ளாத வயதில், பேரன் பேத்தி யாரையோ வைத்துத் தட்டச்சு செய்து உரையாடல் பகுதியில் எழுதினார்: ‘பாட்டை எழுதியவன் நான். கூவியது அந்தப் பெண்தான். நானே மைக்கைப் பிடித்தேன்.’

அதற்கு ஆதாரப்புலி பதில் எழுதினார்: ‘அன்பின் புதிய பயனரே, தாங்கள் இந்தப் பாட்டோடு நேரடித் தொடர்புள்ளவர் என்பதால் இதைப் பற்றித் தாங்கள் சொல்வதை ஏற்க இயலாது.’ வரலாற்றில் முதல் முறையாகத் தாளக்கட்டை இவரை ஆதரித்தார். ‘ஒருவேளை இவர் தலைவரே இல்லையோ’ என்று நடுநிலை ஐயப்பட்டார். வாக்கெடுப்பு நடந்தது. தலைவரைப்போல நடித்த குற்றத்துக்காகத் தலைவர் களஞ்சியத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்.

அத்தோடு முடிந்ததா? விழாவுக்கு முந்தைய நாள் உள்ளூர்ப் பத்திரிகையில் அக்காவின் படம் வந்தது. ‘ஹோய் புகழ் ஆசிரியை ஓய்வு பெறுகிறார்.’ அச்சில் வந்துவிட்டது! அவளிடம் படித்தவர்கள் குதித்தார்கள். தாளக்கட்டையே மனமிரங்கிப் பெயரைச் சேர்த்தார். நடுநிலை தலையசைத்தார். உலகத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்டாகிவிட்டது. ஒருவரைத் தவிர.

அவர் நிருபருக்குப் போன் போட்டார்.

“ஹோய் விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இணையக் களஞ்சியத்துல பார்த்தேன் சார். கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் எவனோ எடுத்துட்டான்.”

நம்மவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. களஞ்சியத்தைப் பார்த்துப் பத்திரிகை எழுதியிருக்கிறது, பத்திரிகையைப் பார்த்துக் களஞ்சியம் எழுதியிருக்கிறது! இதைக் கண்டுபிடிக்க இந்தப் பூமியில் இவரை விட்டால் ஆள் உண்டா? விழா அன்று காலை, நல்ல சட்டை மாட்டிக்கொண்டு, அக்காவுக்கு வாங்கிய பரிசைப் பையில் வைத்துவிட்டு, கிளம்பும் முன் ஒரே ஒரு தட்டுத் தட்டினார்.

மண்டபம் நிறைய ஆட்கள். திரையில் பக்கம் விரிந்தது. வரிக்கு வரி பெரிய எழுத்து. ‘ஹோய் என்று கூவிய பெண்: யாரென்று தெரியவில்லை.’ அதற்குப் பக்கத்தில், கடைசியாகத் திருத்தியவர்: ஆதாரப்புலி. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தம்பியை அக்கா திரும்பிப் பார்த்தாள். தப்பாக கியர் போட்ட மாணவனைக்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை. மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்து நம்மவர் போன் துடித்தது. தாளக்கட்டை அவருக்கு ‘நேர்மைப் பதக்கம்’ அனுப்பியிருந்தார். படமாகத்தான். ஆனாலும் அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பக்கத்தில் இருப்பவரிடம் காட்டலாம் என்று திரும்பினார். பக்கத்து நாற்காலி காலி. அதற்கடுத்ததும் காலி.

மாலையில் அவர் அக்கா வீட்டுக்குப் போனார். நீலக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார்.

“யாரு?”

“நான்தான்க்கா. உன் தம்பி.”

“சான்று இருக்கா?”

அவர் சட்டைப்பையைத் துழாவினார். ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக் கதவிடுக்கில் நுழைத்தார். “அப்பா பேரைப் பாருக்கா!”

உரிமம் வெளியே திரும்பி வந்தது. “இந்தப் பேர்ல ஊர்ல ஆயிரம் அப்பா.”

எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “அம்மா, இவர் உங்க தம்பிதான். எனக்கு நல்லாத் தெரியும்.”

“நேர்ல பார்த்தது செல்லாதுங்க,” என்றது கதவு. “எங்கயாவது எழுதியிருக்கா?”

நியாயமான கேள்வி. அவருக்கே அது நியாயமாகப் பட்டதுதான் கொடுமை. வாசல்படியில் உட்கார்ந்தார். இத்தனை வருடமாக அந்தப் பாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார், அது எப்போது வந்தது, எத்தனை வாரம் முதலிடத்தில் இருந்தது, டிரம்மை யார் தட்டினார் என்றெல்லாம். ஒரு தடவைகூட வாய்திறந்து பாடியதில்லை. கதவைப் பார்த்து, அபஸ்வரமாக, ஆரம்பித்தார்.

“லிஃப்ட் வரலே... லிஃப்ட் வரலே...”

நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. எதிர்வீட்டுக்காரரும் காத்திருந்தார்.

ஹோய் வந்ததா, இல்லையா? சொல்கிறேன். அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். அக்கா வீட்டுக் கதவு பச்சை என்று முதலில் சொன்னேன், பிறகு நீலம் என்றேன். அதைக் கவனிக்காதவர்கள் பாக்கியவான்கள். அவர்களிடம் பயமில்லாமல் பாட்டுப் பாடலாம். கவனித்து, அப்போதே முகம் சுளித்து, ‘முன்னே பச்சை என்றாரே’ என்று விரலை மேலே ஓட்டிப்போய்ச் சரிபார்த்துவிட்டு வந்தீர்களே, உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். வாருங்கள். களஞ்சியத்தில் உங்களுக்கு இடம் காலியாக இருக்கிறது.

ஹோய் வந்தது. தெருவே அதிர வந்தது. நீங்கள்தான் அந்த நேரம் கதவின் நிறத்தைப் பார்க்கப் போயிருந்தீர்கள்.