பொங்காத சூரியனும் ஒரு கொட்டாங்கச்சிச் சில்லும்

சூரியனை நம்பிப் பயிர் வைத்தவர்கள், வற்றல் போட்டவர்கள், துணி காயவைத்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். சூரியனை நம்பித் தன் கல்யாணத்தையே ஒப்படைத்த மடையன், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

அப்போது பெரம்பலூரில் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தேன். (ரிப்பேர் ஆகிப் போனதைவிட, ஆகாமல் என்னோடு தங்கிவிட்டதுதான் அதிகம்.) சும்மா இருந்த நேரத்தில் நண்பர்களோடு ஒரு சங்கம் ஆரம்பித்தேன். அரியலூர்ப் பக்கம் நிலக்கரியும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் ஓடி ஓடி ரோட்டோர வீடெல்லாம் தூசி. வருஷம் முழுக்க வெயிலோ நமக்கு இலவசமாகக் கொட்டுகிறது. ஆகவே சூரிய மின்சாரத்துக்கும் காற்றாலைக்கும் வழி செய்து, கரிப்புகையையும் தூசியையும் கட்டுப்படுத்த மாநில அரசு ஒரு சட்டம் கொண்டுவர வேண்டும். இதுதான் எங்கள் கோரிக்கை.

எம்.எல்.ஏ. பொறுமையாகக் கேட்டார். "நாலு பசங்க கேட்டாங்கன்னு நான் சட்டசபையில எந்திரிச்சுப் பேச முடியாதுப்பா. ஜனங்க கேக்கணும். வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோயிலுக்கு வரேன், அங்க ஜனத்தக் காட்டு" என்றார்.

சிறுவாச்சூர் காளிக்குத் திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பு. அதனால் அந்த நாட்களில் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. அங்கே பொங்கல் வைக்க வரும் பெண்கள் முன்னால் சூரிய அடுப்பில் பொங்கல் செய்து காட்டினால் மனுவில் கையெழுத்து குவியும் என்பது என் யோசனை. (சங்கத்தில் மற்றவர்கள் விவரமானவர்கள். உன் யோசனைக்கு நீயே நில் என்றுவிட்டார்கள்.) ஒரு பள்ளிக்கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த சூரிய அடுப்பை இரவல் வாங்கினேன். அது ஒரு பெட்டி. மேலே கண்ணாடி மூடி, வெயிலைத் திருப்பிவிட ஒரு நிலைக்கண்ணாடி, உள்ளே கறுப்புப் பெயிண்ட் அடித்த மூடி போட்ட பாத்திரம். மாடியில் வைத்துச் சோறாக்கிப் பார்த்தேன். பூப்பூவாய் வெந்திருந்தது.

இதோடு நின்றிருந்தால் பிரச்சினையில்லை. நடுவில் தனபாக்கியம் அத்தை வந்தார்.

அப்பாவின் தங்கை, அரியலூர் லாரி ரோட்டோரம் வீடு. அவர் மகள் செல்விக்கு இரண்டு மாப்பிள்ளைகள் பேச்சில் இருந்தார்கள். ஒருவர் அரியலூர்க்காரர், சிமெண்ட் ஆலையில் கிளார்க், மாதச் சம்பளம். இன்னொருவன் நான். அத்தையால் முடிவெடுக்க முடியவில்லை. காளியிடமே விட்டுவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை பொங்கல் வைப்பார். வடக்குப் பக்கம் வழிந்தால் பெரம்பலூர், கிழக்குப் பக்கம் வழிந்தால் அரியலூர்.

கேட்டதும் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்த நாட்களில்தான் எனக்குப் பெரிய சேதம் எல்லாம் நடந்திருக்கிறது.) அந்தப் பொங்கலை என் சூரிய அடுப்பிலேயே வையுங்கள் அத்தை, தூசிக்கு எதிரான சட்டத்துக்கு நம் குடும்பமே வழிகாட்டட்டும் என்று கெஞ்சினேன். தயிரில்கூடத் தூசி படிந்து நொந்துபோயிருந்த அத்தை சரி என்றார். வெள்ளிக்கிழமை காலை, பாத்திரத்துக்குத் தென்புறம் அடியில் ஒரு கொட்டாங்கச்சிச் சில்லைச் செருகினேன். இனி காளியே நினைத்தாலும் வடக்கேதான் வழிய வேண்டும்.

நேரம் ஆக ஆகக் கூட்டம் சேர்ந்தது. சுற்றிலும் செங்கல் அடுப்புகளில் பொங்கல்கள் பொங்கின, குலவைச் சத்தம் எழுந்தது. என் பெட்டி மட்டும் சும்மா இருந்தது. கண்ணாடியில் ஆவி படிந்து உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஒரு மேகம் வந்தது. என் உயிர் போனது. மேகம் விலகியது. உயிர் பாதிதான் திரும்பியது. என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. செல்வி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

எம்.எல்.ஏ. வந்தார். பெட்டியைத் திறந்தேன். வந்த ஆவியில் அவர் மூக்குக்கண்ணாடி மறைந்தது. உள்ளே பொங்கல் அருமையாக வெந்திருந்தது. ஆனால் பொங்கவே இல்லை. ஒரு சொட்டுக்கூட எந்தப் பக்கமும் வழியவில்லை. அந்தப் பெட்டி அடுப்பு சூடேற்றிச் சூடேற்றி நிதானமாக வேகவைக்குமே தவிர, நுரைத்துப் பொங்கவிடாது. மாடியில் மூடியைத் திறக்காமலே வைத்திருந்த எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

குலவை போட வாயெடுத்த பெண்கள் அப்படியே நிறுத்திக்கொண்டார்கள்.

அத்தை பாத்திரத்தையே பார்த்தார். "சாமி ஒண்ணுமே சொல்லலியேய்யா" என்றார் மெதுவாக.

பின்னாலிருந்து ஒரு பெண், "பொங்காத சூரியனுக்கு எதுக்குங்க சட்டம்?" என்றாள். கூட்டம் கலையத் தொடங்கியது. எம்.எல்.ஏ. ஒரு வாய் எடுத்துச் சுவைத்துவிட்டு, "மொதல்ல வெல்லத்தப் போடுப்பா, அப்புறம் சட்டம் போடலாம்" என்று சாமி கும்பிடப் போய்விட்டார். சட்டமும் போச்சு, கல்யாணமும் போச்சு என்று நான் அங்கேயே குந்திவிட்டேன்.

பாத்திரத்தை வெளியே தூக்கிய செல்வியின் கையில் கொட்டாங்கச்சிச் சில்லு தட்டுப்பட்டது. அதைப் பார்த்தாள். பிறகுதான் முதல் முறையாக என்னைப் பார்த்தாள். சில்லை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அத்தை அதற்குள் எழுந்துவிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்திருந்த வெண்கலப் பானையை எடுத்து, பக்கத்துக்காரர்களிடம் விறகு வாங்கி, மூன்று செங்கல்லைக் கூட்டினார். அடுப்புப் பற்றியது. எழுந்த கரும்புகை நேராகப் போய், ‘புகையில்லாத தமிழகம் வேண்டும்’ என்ற எங்கள் பேனரில்தான் மோதியது.

செல்வி தீயைத் தள்ளிவிடுவதுபோலக் குனிந்தாள். தென்பக்கத்துச் செங்கல்லுக்கு அடியில் எதையோ நுழைத்தது மாதிரி இருந்தது. பால் நுரைத்து ஏறியது. வழிந்தது. வடக்கே!

குலவைச் சத்தத்தில் என் அழுகை யாருக்கும் கேட்கவில்லை. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு கலைந்த பெண்களைத் திரும்பிப் பார்த்து, "எங்க போறீங்க? பொங்கலுக்கு வெறகு போதும். வூட்டு மேல வுழுற தூசிக்கு யாரு கேப்பா? என் மருமவன் கூமுட்டையா இருந்தாலும் கேக்குறது நாயமானது. வந்து கைநாட்டு வைங்க" என்றார்.

எல்லோரும் வந்தார்கள். ஆனால் என் மை டப்பா வெயிலில் காய்ந்து கல்லாகியிருந்தது. (அன்று சூரியன் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை.) அத்தை தன் பெருவிரலைப் பானையின் அடிக்கரியில் தேய்த்து மனுவில் பதித்தார். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். புகையில்லாத சட்டம் கேட்ட மனு முழுக்க அடுப்புக்கரி. எம்.எல்.ஏ. அதை வாங்கிப் பார்த்துவிட்டு, கையில் கரி படாமல் ஓரமாகப் பிடித்துக்கொண்டு காரில் ஏறினார்.

அவர் சபையில் பேசியதாகச் சொன்னார்கள். "சட்டம் வந்துருச்சா?" என்று அத்தை இன்னும் என்னைத்தான் கேட்கிறார், நான்தான் கோட்டையில் உட்கார்ந்து அமுக்கி வைத்திருப்பது போல.

என் கல்யாணம் காளி போட்ட முடிச்சு என்று அத்தை ஊரெல்லாம் சொல்கிறார். செல்வி மறுப்பதில்லை. இப்போது எங்கள் மாடியில் சூரிய மின்தகடு இருக்கிறது. மகளுக்குக் காலேஜ் சீட் கிடைக்குமா, தேர்தலில் யார் ஜெயிப்பார், மழை வருமா என்று நான் எதற்காவது கவலைப்பட்டு நடக்க ஆரம்பித்தால் போதும். சமையலறையிலிருந்து செல்வியின் குரல் வரும்:

"ஏங்க, கொட்டாங்கச்சி வைக்கட்டுமா?"