அனுமதி கேட்டவளுக்கு நாற்பது சதவீதம்

ஹாதர்சல், லங்காஷயர்
புதன்கிழமை

அன்புள்ள தம்பி கத்பர்ட்டுக்கு,

உன் அக்கா வினிஃப்ரெட் எழுதுவது. நீ நலமாக இருப்பாய் என்று நான் நம்பவில்லை. நம்பும்படி நீ வாழ்ந்ததும் இல்லை. இருந்தாலும் கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று கன்னியாஸ்திரீகள் எனக்குக் கற்றுத்தந்திருப்பதால் விசாரிக்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? என் இடுப்பு அப்படியேதான் இருக்கிறது. நிற்க.

பிளாக்பூலிலிருந்து நீ அனுப்பிய படஅட்டை வந்து சேர்ந்தது. அதன் முன்பக்கத்தில் நீச்சலுடையிலிருந்து பிதுங்கி வழியும் பெண்மணியைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. பின்பக்கத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். "அக்கா, பேங்க்காரனுக்குப் பைத்தியம் பிடிச்சுடுச்சு. கணக்குல காசே இல்லாம எடுத்தாலும் இப்பல்லாம் ஒரு பென்னி அபராதம் கிடையாது. உனக்கு எப்படி?" என்று உறையில்லாத அட்டையில், ஊரே படிக்கிற கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறாய். ஊர் படித்தது. தபால்காரர் அட்டையை நீட்டும்போதே, "உங்களுக்கு எப்படிங்க, மிஸஸ் எக்கிள்ஸ்டன்?" என்று கேட்டார்.

எனக்கு எப்படி என்று சொல்கிறேன், உட்கார்ந்து படி. கணக்கில் பணம் தீர்ந்த பிறகும் ஓரளவு எடுத்துக்கொள்ளலாம் என்று வங்கி தரும் வசதிக்கு ஓவர்டிராஃப்ட் என்று பெயர். உனக்கு அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை, நீ அதில்தான் குடியிருக்கிறாய். ஆனால் நாங்கள் அதைப் பெற்ற விதம் வேறு. கூரை ஒழுகிய வருடம் என் கணவர் வில்ஃப்ரிட், சாவு வீடுகளுக்கு மட்டும் போடும் கறுப்பு சூட்டைப் போட்டுக்கொண்டு வங்கி மேலாளரைப் பார்க்கப் போனார். மேலாளர் அவரை உட்காரவைத்து, சின்னக் கோப்பையில் ஷெர்ரி ஒயின் கொடுத்து, கூரையைப் பற்றியும் கோயில் பாடகர் குழுவைப் பற்றியும் விசாரித்து, கடைசியில் ஆயிரம் பவுண்டு வரை எடுக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து மாதாமாதம் ஒரு சிறு கட்டணம் போய்க்கொண்டிருந்தது. எடுத்தாலும் போகும், எடுக்காவிட்டாலும் போகும், கோயில் காணிக்கை மாதிரி. நீயோ யாரையும் எதையும் கேட்டதில்லை. கையை விட்டாய், எடுத்தாய், எடுத்த நாளிலிருந்து தினமும் உனக்கு அபராதம் விழுந்தது. அனுமதி வாங்கியவருக்குச் சின்னக் கட்டணம், வாங்காதவனுக்குப் பெரிய அபராதம். உலகம் ஒழுங்காக இருந்தது.

போன வாரம் வங்கியிடமிருந்து கடிதம் வந்தது. "நல்ல செய்தி, வினிஃப்ரெட்!" என்று தொடங்குகிறது. என்னைப் பெயர் சொல்லி அழைத்த ஆண்கள் மூன்றே பேர். அதில் இருவர் இறந்துவிட்டார்கள், மூன்றாவது நீ. நல்ல செய்தி என்னவென்றால், எல்லாவற்றையும் எனக்காக எளிமையாக்கிவிட்டார்களாம். பழைய கட்டணம், தினசரி அபராதம் எல்லாம் ஒழிந்தது. இனி அனுமதி பெற்று எடுப்பவர்களுக்கு வருடத்துக்கு நாற்பது சதவீத வட்டி. அனுமதி பெறாமல் எடுப்பவர்களுக்கு வட்டியும் இல்லை, அபராதமும் இல்லை. கொடுப்பதும் மறுப்பதும் வங்கியின் விருப்பம். நான் இதை மூன்று கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் படித்தேன். மூன்றிலும் அப்படித்தான் இருந்தது. வராந்தாவில் பேசலாமா என்று கேட்டுவிட்டுப் பேசியவளுக்குப் பிரம்படி, கேட்காமல் பேசியவளுக்கு மிட்டாய் என்று எங்கள் மதர் இக்னேஷியா ஒருநாள் அறிவித்திருந்தால் கான்வென்ட் மூன்றே நாளில் சந்தைக்கடை ஆகியிருக்கும். நரகத்துக்குக்கூட ஒரு வரிசைமுறை உண்டு. வங்கிக்கு இல்லை. கடிதத்தின் அடியில் இன்னொன்றும் இருந்தது: நான் அந்த வசதியை அதிகம் பயன்படுத்தாததால், என் நலன் கருதி, என் வரம்பை ஆயிரம் பவுண்டிலிருந்து நூறாகக் குறைத்திருக்கிறார்களாம். முப்பது வருடம் கட்டணம் மட்டும் கட்டிக்கொண்டு, தொடாமல் வைத்திருந்த குற்றத்துக்கு.

இதைக் கடவுளிடம் முறையிட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன், வில்ஃப்ரிட்டின் கல்லறைக் கல் மட்டும் இல்லையென்றால். புதைத்த மண் இறுகி அமர்ந்த பிறகுதான் கல் நிறுத்த முடியும். மண் அமர்ந்தது, கல் செதுக்கும் நோரிஸ் பெயின்ஸ் கல்லை நிறுத்தினார், நானும் மீதித் தொகைக்குக் காசோலை எழுதிக் கொடுத்தேன். கணக்கில் இருந்தது அதில் பாதிதான். மறுபாதிக்கு அந்த ஆயிரம் பவுண்டு அனுமதி இருக்கிறது, ஓய்வூதியம் வந்ததும் சரியாகிவிடும் என்ற தைரியத்தில் எழுதினேன். எழுதிய மறுநாள் நல்ல செய்தி வந்துவிட்டது. காசோலை திரும்பினால் அது நோரிஸிடம் போகாது. அவருடைய வரவு செலவெல்லாம் பார்ப்பது மனைவி ஃபிலோமினா. கான்வென்ட்டில் எனக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, என் காலுறையில் இருந்த ஓட்டையை மதர் இக்னேஷியாவிடம் காட்டிக்கொடுத்த அதே ஃபிலோமினா. திரும்பிய காசோலையோடு அவள் சண்டை போட வர மாட்டாள். கேக் செய்து எடுத்துக்கொண்டு ஆறுதல் சொல்ல வருவாள். அதற்கு நான் வில்ஃப்ரிட்டின் பக்கத்திலேயே போய்ப் படுத்துக்கொள்ளலாம். அதற்கும் அவள் தயாராகத்தான் இருக்கிறாள். கல்லில் அவர் பெயரைப் பொறிக்கும்போது, "வினிஃப்ரெட், உன் பேரையும் இப்பவே செதுக்கிடலாமா? சேத்துச் செஞ்சா விலை குறையும். தேதியை மட்டும் அப்புறம் போட்டுக்கலாம்" என்று கேட்டவள் அவள்.

நம் ஊர் வங்கிக் கிளையை மூடி, அந்த இடத்தில் கண்ணிமைக்குப் பொய்முடி ஒட்டும் கடை வந்திருக்கிறது. இப்போது வங்கி செவ்வாய்தோறும் ஒரு வண்டியில் வருகிறது. கருங்காளை மதுக்கடையின் கார் நிறுத்துமிடத்தில், குப்பைத்தொட்டிகளுக்குப் பக்கத்தில் முக்கால் மணி நேரம் நிற்கும். உள்ளே இருப்பவன் ரயன். அவனுக்கு ஏலம் போடுகிறவன் குரல். ஒரு பெரியவரிடம் அவன் "பதினோரு பவுண்டுதான் மிச்சம் இருக்கு, கண்ணு" என்று ரகசியமாகச் சொன்னதைக் கேட்டு, எதிர்ச்சாரி இறைச்சிக்கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வருத்தப்பட்டார்.

நேற்று அந்த வண்டிக்கு, என் பழைய வரம்பைத் திரும்பக் கேட்பதற்காக, தொப்பி அணிந்து, வண்டி வருவதற்கு முன்பே போய் முதல் ஆளாக நின்றேன். எனக்குப் பின்னால் வந்து நின்றது ஃபிலோமினா. அவளுக்குப் பின்னால் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் திரெல்ஃபால், கடைசியில் நம் பங்குக் குரு ஃபாதர் கீலி. என் நிலைமையை யோசித்துப் பார். நான் முதலில் போய்க் கேட்டால் ரயன் அதை உரக்கத் திருப்பிச் சொல்வான், ஃபிலோமினா கேட்பாள். அவளை முதலில் விட்டால் என் காசோலையைப் போட்டுவிடுவாள். ஆகவே நான் இரண்டையும் செய்யாமல், நல்ல வளர்ப்பில் வந்தவள் செய்வதைச் செய்தேன்.

"ஃபாதர், நீங்க முதல்ல போங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"நானா? நான் சும்மா காத்து வாங்க வந்தேன்" என்றார் ஃபாதர், வங்கி வண்டியின் வரிசையில் நின்றுகொண்டு.

நான் அவருக்குப் பின்னால் போய் நின்றேன். உடனே ஃபிலோமினா முதல் ஆளாகிவிட்டாள். நெருப்பை மிதித்தவள் போலத் துள்ளி, "ஐயோ, எனக்கும் அவசரமே இல்லப்பா. சார் போகட்டும்" என்று எனக்குப் பின்னால் வந்தாள். திரெல்ஃபால், "சேச்சே, பெண்கள் இருக்கும்போது நானா?" என்று அவளுக்குப் பின்னால் வந்தார். காற்று வாங்க வந்த ஃபாதர், தான் தனியாக முன்னால் நிற்பதைக் கண்டு பதறி அவருக்குப் பின்னால் ஓடினார். மறுபடி நான் முதல் ஆள். இப்படியே போயிற்று. யாரும் யாரையும் இடிக்கவில்லை, யாரும் முந்தவில்லை. இங்கிலாந்திலேயே இவ்வளவு ஒழுங்கான வரிசையை நான் பார்த்ததில்லை, அது வண்டியை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது என்பதைத் தவிர. குப்பைத்தொட்டிகளைத் தாண்டி, மதுக்கடையின் சமையலறைக் கதவு வரை போய்விட்டோம். அங்கே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பெண், "சாப்பாட்டுக்கு இன்னும் நேரமிருக்கே" என்றாள்.

ரயன் ஜன்னலிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டினான். "யாராச்சும் வாங்களேன்ப்பா! நான் என்ன கடிக்கவா போறேன்? வின்னி கண்ணு, நீயாவது வா!"

"நான் மிஸஸ் எக்கிள்ஸ்டன்" என்றேன், அத்தனை தூரத்திலிருந்து.

"சரி, மிஸஸ் எக்கிள்ஸ்டன் கண்ணு, நேரமாச்சு" என்று சொல்லி ஜன்னலைச் சாத்திக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டான்.

நான்கு பேரும் வண்டி போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஃபாதரின் ஜெபப் புத்தகத்திலிருந்து ஓர் உறை நழுவி விழுந்தது. எனக்கு வந்தது போலவே பச்சைக் கோடு போட்ட வங்கி உறை. எடுத்துக் கொடுக்கக் குனிந்த திரெல்ஃபாலின் சட்டைப்பையிலிருந்து அதே பச்சைக் கோடு எட்டிப் பார்த்தது. "நல்ல வெயில்" என்றார் திரெல்ஃபால். தூறிக்கொண்டிருந்தது. அவர் போய்விட்டார்.

ஃபாதர் உறையைப் புத்தகத்துக்குள் திணித்துக்கொண்டு நின்றார், ஃபிலோமினாவும் நகரவில்லை. கைப்பையைத் திறந்தாள், மூடினாள். "வினிஃப்ரெட், உன் செக்கைப் போடத்தான் வந்தேன்."

"அப்புறம் ஏன் போடல?"

"அதோட சேத்து அவன்கிட்ட இன்னொண்ணும் கேக்கணும். இத்தனை பேர் முன்னாடி எப்படிக் கேக்கறது?" அவள் குரல் என்னவோ போல இருந்தது. "நோரிஸுக்கு வேலையே இல்ல. இப்பல்லாம் யாரு புதைக்கறாங்க? எரிச்சுடறாங்க. எரிஞ்சவனுக்குக் கல்லு எதுக்கு? ரொம்ப நாளா ஓவர்டிராஃப்ட்லதான் உக்காந்திருக்கோம், முறையா அனுமதி வாங்கித்தான். இந்த நாப்பது சதவீதம் எங்களைத் தின்னுடும் வினிஃப்ரெட். உன் செக் பணமானா மேல வந்துடுவோம்." பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "ஆகும்ல?"

கத்பர்ட், இந்த ஒரு நொடிக்காக நான் அறுபது வருடங்கள் காத்திருந்தேன் என்று நீ நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவள் கண் கலங்கியிருந்தது, மூக்கு சிவந்திருந்தது, தலைக்கு மேல் அந்த அசட்டுப் பிளாஸ்டிக் மழைத்தொப்பி. "ஏன் ஆகாது? நாளைக்கே பிரெஸ்டன் கிளைக்குப் பஸ் ஏறிப் போய்ப் போட்டுடு" என்று சொல்லிவிட்டேன். பச்சைப் பொய். அதுவும் பங்குக் குருவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஃபாதர் கீலி குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். அவள் போன பிறகு, "சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனம் கேக்க உக்காருவேன், மிஸஸ் எக்கிள்ஸ்டன். வரிசை இருக்காது" என்றார்.

இன்று காலை அவள் பஸ் ஏறியதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். இனி என் கையில் ஒன்றுமில்லை. அந்த வங்கியை நான் நடத்தினால் அந்தக் காசோலையைத் திருப்பித்தான் அனுப்புவேன். திரும்பட்டும். வில்ஃப்ரிட்டின் பியானோவை விற்று, பணத்தை ஃபிலோமினாவின் கையில் நேரில் கொடுத்து, அவள் கொண்டுவரும் கேக்கையும் அவள் எதிரிலேயே தின்பேன். ஆனால் ஒன்று மட்டும் உனக்குத் தெளிவாக இருக்கட்டும். அபராதத்தை எடுத்துவிட்டதால் பாவம் புண்ணியம் ஆகிவிடாது. நம் குடும்பத்தில் கேட்காமல் கை நீட்டியவன் நீ ஒருவன்தான். கடைசி ஆளும் நீயாகவே இருப்பாய். உன்னைப் பார்த்து நான் கற்றுக்கொள்ள இந்த உலகத்தில் எதுவும் இல்லை.

காணாமல் போனவற்றைக் கண்டுபிடித்துத் தரும் புனித அந்தோணியார் உன் புத்தியையும் தேடித் தருவாராக. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

என்றும் உன் நலம் நாடும் அக்கா,
வினிஃப்ரெட் எக்கிள்ஸ்டன்

பி.கு.: தபால்தலை தீர்ந்துபோனதால் இதைச் சனிக்கிழமையான இன்றுதான் அனுப்புகிறேன். காசோலை பணமாகிவிட்டது. நம்ப முடியாமல் நேற்று நானே பிரெஸ்டன் கிளைக்குப் போய்க் கேட்டேன். அனுமதி உள்ள நூறு பவுண்டுக்கு மட்டும் நாற்பது சதவீதம் ஓடுகிறதாம். அதற்குக் கீழே நான் அனுமதியில்லாமல் இறங்கியிருக்கும் பகுதிக்கு எதுவும் கிடையாதாம். "அப்ப அந்த அனுமதியையே வேண்டாம்னு சொல்லிட்டா?" என்று கவுன்ட்டர் பெண்ணிடம் கேட்டேன். "அப்ப எதுக்குமே வட்டி வராதும்மா" என்றாள். அங்கேயே நின்று ரத்து செய்துவிட்டேன். இப்போது நான் முழுக்க முழுக்க அனுமதியில்லாதவள். சற்று முன் பாவசங்கீர்த்தனத்தில் இதையெல்லாம் சொன்னேன். "அபராதம் எவ்வளவு போட்டாங்க?" என்று கேட்டார் ஃபாதர். "ஒண்ணுமில்ல ஃபாதர்" என்றேன். அவர் பரிகாரமாக மூன்று அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொல்லிவிட்டு, பிரெஸ்டனில் எந்தக் கவுன்ட்டர் என்று விசாரித்தார். அது இருக்கட்டும். மே மாதம் பங்கிலிருந்து லூர்துக்கு யாத்திரை போகிறார்கள். ஃபிலோமினாவும் நானும் ஒரே அறையில் தங்குவதாகப் பேச்சு. கேட்காமல் எடுத்துக்கொண்டே போனால் வங்கி எவ்வளவு வரைக்கும் வாய் திறக்காமல் இருக்கும்? அனுபவசாலி நீ. விவரமாக எழுது.