டயருக்கு மருந்து போட்ட நர்ஸம்மா

கடலூர் மாவட்டத்தில் நர்ஸுகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் மயங்கிக் கிடந்த ரப்பருக்கு வைத்தியம் பார்த்து, அதை எழுப்பி, ரேஸில் ஓட வைத்த நர்ஸ் உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் நர்ஸம்மா. இதை நான் எந்த மேடையிலும் மைக் பிடித்துச் சொல்வேன்.

ஒரு சின்ன விஷயம். அவர் நர்ஸே இல்லை. மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பஸ் ஏறிச் சிதம்பரம் வந்து எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தவர். நர்ஸ் பட்டம் நாங்கள் கொடுத்தது.

நாங்கள் என்றால், அண்ணாமலை நகரில் ஒரு லாட்ஜில் தங்கி, இன்ஜினியரிங்கை முடித்தும் முடிக்காமலும் இருந்த ஒரு கூட்டம். எங்களிடம் ஒரு ரேஸ் கார்ட் இருந்தது. நாலு சின்னச் சக்கரம், ஒரு இன்ஜின், கிண்ணம் மாதிரி ஒரு சீட், அவ்வளவுதான் கார்ட். கூரையும் கிடையாது, கதவும் கிடையாது. உட்கார்ந்தால் தரை முதுகை உரசும். நான்தான் டிரைவர். திறமையைப் பார்த்துக் கொடுத்த வேலை இல்லை. லாட்ஜிலேயே எடை கம்மியானவன் நான்தான்.

சிதம்பரத்துக்கு வெளியே ஒரு ரைஸ் மில்லின் பழைய ஷெட்டில் வண்டி நிற்கும். நெல் காயவைக்கும் சிமென்ட் களம்தான் எங்கள் ரேஸ் டிராக். போன வருஷப் போட்டியில் ஒரு வளைவில் நான் சுழன்று, டிராக்கை விட்டு இறங்கி, புல் மேய்ந்துகொண்டிருந்த மாட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் போய் நின்றிருந்தேன். அந்த வீடியோ எல்லா வாட்ஸாப் குரூப்பிலும் சுற்றியது. மில்லுக்காரரும் பார்த்துவிட்டார்.

"இந்த தடவையாச்சும் ரேஸை முழுசா ஓட்டி முடிங்கடா. இல்லன்னா ஷெட்டைக் காலி பண்ணிடுங்க. எனக்கு மூட்டை அடுக்க எடம் வேணும்" என்றார்.

கோளாறு டயரில்தான் இருந்தது. கோயம்புத்தூரில் ஒரு டீம் ஒதுக்கி வைத்த பழைய டயர்களை வாங்கி வந்திருந்தோம். பார்க்கப் பளபளப்பாக இருந்தாலும், தட்டினால் பலகை மாதிரி சத்தம் வரும். வளைவில் பிடிக்கவே பிடிக்காது. புது டயர் என்கிற பேச்சை எடுத்தாலே எங்கள் கேப்டன் குமரேசன் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான்.

ஒருநாள் மத்தியானம் களத்தில் நான் வழக்கம்போல வழுக்கிச் சுழன்று நின்றபோது, கேட் அருகே ஒரு குடை தெரிந்தது. குடைக்குக் கீழே கெட்டிக் கண்ணாடி போட்ட ஒரு பெண். யாரையும் கேட்கவில்லை. எதிரே பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தவர், நேராக உள்ளே வந்தார். குனிந்து டயரை அழுத்திப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"என்னையா கேக்குறீங்க?" என்றேன்.

"உன்ன இல்ல தம்பி. டயரைக் கேட்டேன்."

குமரேசன், "அது செத்துப் போச்சுங்க" என்றான்.

"சாகல. மயக்கம். உள்ள இருந்த எண்ணெய்ப் பசையெல்லாம் போயி ரப்பர் இறுகிக் கெடக்கு. மருந்து போட்டா எழுந்துரும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டார். அன்றைக்கே அவர் நர்ஸம்மா ஆகிவிட்டார்.

மருந்து என்றால் நிஜமாகவே மருந்துதான். இறுகிப்போன ரேஸ் டயரை இளக்குவதற்கென்றே ஒரு கெமிக்கல் டின்னில் விற்கிறது. அதை வாங்குவதற்கு முன்னால் நர்ஸம்மா செய்த முதல் காரியம் போட்டி நடத்துபவர்களுக்கு போன் போட்டது.

"நெறைய ரேஸ்ல இதைத் தடவக் கூடாதுன்னு ரூல் இருக்கு. உங்களுதுல எப்படி சார்?"

பழைய டயராக இருந்தால் தடவலாம், ஆனால் செக்கிங்கில் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகுதான் டின்னையே தொட்டார்.

தொட்ட பிறகு ஷெட் ஷெட்டாக இல்லை. ஆபரேஷன் தியேட்டர் ஆகிவிட்டது. டின்னில் ஒட்டியிருந்த எச்சரிக்கை வாசகங்களை எங்களை வரிசையாக நிறுத்தி வாசித்துக் காட்டினார். கையில் கிளவுஸ், மூஞ்சியில் மாஸ்க், ஷெட்டுக்கு வெளியே, வெட்டவெளியில் மட்டுமே வேலை. நெருப்பு பக்கத்திலேயே வரக் கூடாது. இது தெரியாமல் மில்லுக்காரர் பீடியோடு வந்து எட்டிப் பார்த்தார். நர்ஸம்மா பிரஷ்ஷை நீட்டிக்கொண்டு பாய்ந்தார்.

"பீடியை அணைங்க மாமா! நெல்லும் பொரியாயிடும், நீங்களும் பொரியாயிடுவீங்க!"

சொந்த மில்லில் மனுஷர் ஓடியதை அன்றுதான் பார்த்தேன். அடுத்த நாளே உத்தரவு வந்தது. அறுவடை நெல் வரப்போகிறது, இந்த வாடை அரிசியில் ஏறினால் யார் சோறு தின்பது, வைத்தியத்தை வேறெங்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

நர்ஸம்மா அசரவில்லை. டின்னைக் குமரேசன் பைக்கில் பத்திரமாகக் கொண்டுபோனான். மருந்து படாத டயர்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு நானும் நர்ஸம்மாவும் கடலூர் பஸ் ஏறினோம். கண்டக்டர் சாக்கை உதைத்துப் பார்த்தார்.

"என்னம்மா, பண்ருட்டி பலாவா? லக்கேஜ் போடணும்."

"ஒதைக்காதீங்கண்ணே. பேஷண்ட்."

கண்டக்டர் அதற்குப் பிறகு எங்கள் பக்கமே வரவில்லை.

மஞ்சக்குப்பத்து வீட்டு மொட்டை மாடியில் வைத்தியம் தொடர்ந்தது. டயரைத் தேய்த்துக் கழுவித் துடைப்பார். பிரஷ்ஷால் மருந்தைச் சீராகத் தடவுவார். பிளாஸ்டிக் ஷீட்டைச் சுற்றி, பிறந்த குழந்தை மாதிரி நிழலில் கிடத்துவார். மருந்து ஒரே பக்கம் தேங்கிவிடக் கூடாதென்று அடிக்கடி திருப்பிப் போட வேண்டும். ரப்பர் எவ்வளவு கெட்டி என்று காட்ட, கடிகாரம் மாதிரி முள் வைத்த ஒரு சின்ன மீட்டர் இருந்தது. அதை டயரில் அழுத்தும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! முள் கொஞ்சம் இறங்கினால் போதும், "நல்லா இருக்கான்" என்று டயரின் முதுகைத் தட்டிக் கொடுப்பார்.

அவருடைய அப்பா அரசாங்க ஆபீஸில் சூப்பிரண்டெண்ட். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை இல்லாமல் வாசல் கேட்டைக்கூடத் தாண்டாதவர்.

"பாப்பா, இது வீடா, பஞ்சர் கடையா? நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்றது?"

"லேப் வேலைன்னு சொல்லுங்கப்பா."

திட்டினார். ஆனால் மகள் காலேஜுக்குப் போன பிறகு டயரை யார் திருப்பிப் போடுவது? மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருகிறவர், கிளவுஸ் மாட்டிக்கொண்டு மாடியேறி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் சாப்பாட்டில் உட்கார்ந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்புமுன் அதே காரியத்தைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார். சட்டையில் வாடை ஏறிவிட்டது. அவர் உட்கார்ந்த பெஞ்சு முழுக்கக் காலி. "பிரசங்கம் இன்னிக்கு ரொம்பத் தெளிவா கேட்டுச்சு" என்று அவரே வந்து சொன்னாராம்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது குமரேசன் புத்தியைக் காட்டினான். இரண்டு செட் டயர் தயாராகிக்கொண்டிருந்தது. "இன்னொரு கோட் போட்டா இன்னும் ஜாஸ்தி புடிக்கும்ல" என்று நினைத்து, யாருக்கும் தெரியாமல் மாடியேறி ஒரு செட்டுக்கு மட்டும் வாரி அடித்துவிட்டான். களத்தில் ஓட்டிப் பார்த்தபோது முதல் வளைவில் வண்டி அப்படியே ஒட்டிக்கொண்டு திரும்பியது. நான் கத்திக் கொண்டாடினேன். அடுத்த சுற்றில் டயர் கேசரி மாதிரி உதிர ஆரம்பித்தது.

நர்ஸம்மா உதிர்ந்த ரப்பரைக் கையில் அள்ளிப் பார்த்தார்.

"மருந்து ஜாஸ்தி குடுத்தவன் யாரு?"

குமரேசன் தண்ணீர் குடிக்கப் போனான். மீதி இருந்தது ஒரே செட். அதுவும் போனால் ஷெட்டும் போச்சு, டீமும் போச்சு.

போட்டி சென்னைக்கு வெளியே ஒரு கார்ட் டிராக்கில். செக்கிங் மேஜைக்கு வண்டியைத் தள்ளிப்போனதும், அதிகாரி வாயைத் திறக்குமுன்னே நர்ஸம்மா சொன்னார்.

"சார், டயருக்கு மருந்து போட்ருக்கேன். என்ன மருந்து, எத்தனை கோட்னு இப்பவே சொல்லிடறேன்."

பக்கத்து டீம் கேப்டன் குதித்தான். "சார், இது ஏமாத்து! நாங்க புது டயரு போட்டு வந்திருக்கோம், இவுங்க எதையோ தடவிட்டு வந்து நிக்கிறாங்க!"

அதிகாரி தன் மீட்டரை எடுத்து எங்கள் டயரில் அழுத்தினார். பிறகு அந்தக் கேப்டனின் டயரில் அழுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"தம்பி, உன் டயர்தான் இதைவிட மெத்துனு இருக்கு. இவங்க பழசைத் தேத்திக் கொண்டாந்திருக்காங்க. ரூலும் இடம் குடுக்குது. போய் ஹெல்மெட்டை மாட்டு."

நர்ஸம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னிடம் வந்து குனிந்தார்.

"இங்க பாரு ஒல்லி. முதல் சுத்து தட்டிக் குடுத்து ஓட்டு, சூடாகட்டும். அப்புறம் தைரியமா போ. பின்பாதில களைச்சுப் போவும், வழுக்கும். அப்ப வீரம் காட்டாத. முறுக்காம, மெதுவா திருப்பு."

எழுத்துக்கு எழுத்து அப்படியே நடந்தது. முதல் சுற்றில் பொறுமையாகப் போனேன். பிறகு அந்தக் கிழட்டு டயர்கள் தரையைப் பிடித்த பிடி இருக்கிறதே! போன வருஷம் நான் புல்லுக்குப் போன அதே வளைவில் இரண்டு பேரைத் தாண்டினேன். முன்னால் இரண்டே வண்டி. பாதிக்குமேல் பின்பக்கம் ஆட ஆரம்பித்தது. பின்னால் அந்தப் புது டயர் கேப்டனின் வண்டி உறுமிக்கொண்டு வந்தது. வீரம் காட்டக் கை துறுதுறுத்தது. காட்டவில்லை. மெதுவாகத் திருப்பினேன், மெதுவாகத் திருப்பினேன், எல்லைக் கோட்டைத் தாண்டியபோது அவன் வண்டியின் மூக்கு என் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

மூன்றாவது பரிசு! குமரேசன் தண்ணீர் குடிக்கப் போகாமல் நின்ற இடத்திலேயே அழுதான். மில்லுக்காரர் போனில், "ஷெட்டை நீங்களே வெச்சுக்கோங்கடா, நெல்லுக்கு நான் வேற எடம் பாத்துக்கறேன்" என்று கத்தினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு வெள்ளைச் சட்டை ஓடி வந்தது. நர்ஸம்மாவின் அப்பா. கடலூரிலிருந்து யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி வந்திருக்கிறார். என் தோளைப் பிடித்து, மூச்சு வாங்கக் கேட்டார்.

"டயருக்கு ஒண்ணும் ஆவலியே?"

மேடையில் எங்களைக் கூப்பிட்டார்கள். போய் நின்றோம். போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார். எண்ணிப் பார்த்தால் நர்ஸம்மாவைக் காணோம். அவர் வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஆறிக்கொண்டிருந்த டயர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். "நீங்க எடுத்துக்கங்கப்பா, எனக்குக் கையெல்லாம் நாறுது" என்று அங்கிருந்தே கையை ஆட்டினார்.

போட்டோக்காரர் அவசரப்படுத்தினார். வெயில் மண்டையைப் பிளந்தது. நாங்கள் யாரும் நகரவில்லை. கோப்பை மேஜை மேலேயே இருந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எடுக்கிற வரைக்கும் நாங்கள் ஒருத்தரும் அதைத் தொடவில்லை.