வழியில் இறக்கிவிடும் டிரான்சிட் அண்ணன்

எந்த நாட்டு விமான நிலையத்தில் விசா இல்லாமல் வெளியே போகலாம், போனால் எத்தனை மணி நேரம் உலாத்தலாம் என்ற விவரமெல்லாம் அந்தந்த நாட்டு அதிகாரிகளுக்கு அடுத்தபடியாகக் காரைக்காலில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். சில சமயம் அதிகாரிகளைவிட அவருக்கு அதிகம் தெரியும். இத்தனைக்கும் அவர் விமானத்தில் ஏறியதே இல்லை.

அவர் பெயர் டிரான்சிட் அண்ணன். சம்பளப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். நாங்கள் யாரும் அதைத் தேடிப் பார்த்ததில்லை. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் பத்தாண்டில், காரைக்கால் கடைத்தெருவில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் டிக்கெட் போடும் வேலை அவருக்கு, படிவம் நிரப்பும் வேலை எனக்கு.

பிரான்சுக்கோ வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ ஆள் போகாத தெரு எங்கள் ஊரில் குறைவு. மற்ற ஏஜெண்டுகள் நேர்வழியாகப் பார்த்து டிக்கெட் போடுவார்கள். டிரான்சிட் அண்ணனுக்கு நேர்வழி என்றாலே பிடிக்காது. நடுவில் ஒரு நாட்டில் இறங்கி, விசா இல்லாமல் ஊரைச் சுற்றிவிட்டு, அடுத்த விமானம் ஏறிப் போகிற டிரான்சிட்தான் அவரைப் பொறுத்தவரை பயணம். கவுண்டருக்கு வந்தவர்கள் தயங்கினால் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

"நம்ம தலைநகரம் பாண்டிச்சேரிதானேங்க? அங்க போறதுக்கே தமிழ்நாட்டு வழியாத்தான் போகணும். கடலூர்ல இறங்கி டீ குடிச்சா எவனாவது விசா கேக்குறானா? அதே கதைதான் இதுவும்."

கேட்டவர்கள் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டிவிடுவார்கள்.

வாயால் சொன்னதோடு நில்லாமல் அவரும் அப்படியே வாழ்ந்தார். மாயவரத்தில் மச்சினன் கல்யாணம். குடும்பத்தோடு பஸ் ஏறியவர், செம்பனார்கோயிலில் "ஒரு நடை பாத்துட்டு அடுத்த பஸ்ல வர்றேன்" என்று இறங்கிவிட்டார். அவர் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு மேசைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி எங்களிடம் இதைச் சொன்னபோது கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது போலிருந்தது.

வெளிநாடு போய்த் திரும்பியவர்கள் அவரிடமிருந்து தப்ப முடியாது. நீள நோட்டு ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவார். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முதலில் என்ன வாசனை அடித்தது, டவுன் பஸ்ஸில் முன்னால் ஏறுகிறார்களா பின்னால் ஏறுகிறார்களா, தெருவில் நாய் உண்டா, இருந்தால் குரைத்ததா என்று கேட்டுக் கேட்டு எழுதுவார். துபாய் போய்விட்டு வந்த ஒருவர் எங்கள் ஆபீஸைத் தாண்டும்போது குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன். அன்று மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு வயதான சொல்தா பாரிஸுக்கு நேர் விமானம் கேட்டார். அண்ணன் மன்றாடி, வழியில் ஓர் அரபு நாட்டில் ஒன்பது மணி நேரம் நிற்கிற மாதிரி போட்டுக் கொடுத்தார். பிரெஞ்சு பாஸ்போர்ட், தடையே கிடையாது. சொல்தா திரும்பி வந்ததும் நோட்டு விரிந்தது. அவரோ ஒன்பது மணி நேரமும் நாற்காலியிலேயே தூங்கிவிட்டதாகச் சொன்னார். அண்ணன் முகம் வாடிவிட்டது.

"கதவு தொறந்துதானேங்க இருந்துச்சு" என்று மட்டும் கேட்டார். அப்புறம் ஒரு மாதம் அந்த மனிதரோடு பேசவில்லை.

இவரைப் பைத்தியம் என்று முடிவுகட்டி வைத்திருந்த நான் என் எண்ணத்தை மாற்றிக்கொண்டது தனபாக்கியம் அக்கா வந்த பிறகுதான். கருக்களாச்சேரியில் மீன் ஏலம் எடுத்து வியாபாரம் செய்தவர். மகள் ஆஸ்திரேலியாவில் நர்ஸ், அவளுக்குப் பிரசவம். விசா வந்துவிட்டது, டிக்கெட் போட வந்திருந்தார். அண்ணன் எல்லோரிடமும் கேட்பதைப் போல, வழியில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

அக்கா விசாத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, "இருக்கான். வழியிலதான் இருக்கான்" என்றார்.

மகன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். அப்பா இறந்தபோது அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. கொள்ளி வைக்க வர முடியவில்லை. அந்த வெட்கத்தில் அதற்கப்புறமும் வரவில்லை. ஐந்து வருஷமாகப் போனில் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அண்ணன் பேனாவைக் கீழே வைத்தார். ஆஸ்திரேலிய விசாவும் மேற்கொண்டு போக டிக்கெட்டும் கையில் இருந்தால் சிங்கப்பூரில் நாலு நாள் வரை விசா இல்லாமல் வெளியே இருக்கலாம் என்றார். அக்காவுக்குப் புரியவில்லை. காசு எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றதும் சந்தேகமாகப் பார்த்தார். போகும்போது இரண்டு நாள் அங்கே இறங்குகிற மாதிரி டிக்கெட் போடப்பட்டது. கூடவே அண்ணன் ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார்.

"ஆஸ்திரேலியாக்காரன் கருவாட்ட உள்ள விடமாட்டான். இருக்குறதை எல்லாம் சிங்கப்பூர்த் தம்பிகிட்டயே இறக்கிடுங்க."

சென்னை வரை தானே கூட்டிப்போகிறேன் என்றார் அண்ணன். முதலாளி பயந்துபோய் என்னையும் அனுப்பினார். அண்ணனை வழியில் எங்கும் இறங்கவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. சிதம்பரத்தில் ஒருமுறையும் கடலூரில் ஒருமுறையும் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

விமான நிலையத்தில் அக்காவை உள்ளே அனுப்பிவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றோம். கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டினாள், சிங்கப்பூர் விசா இல்லை என்பதுபோல் தலையை ஆட்டினாள். அண்ணன் விதியைத் தட்டச்சு செய்து பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்திருந்த தாளை அக்கா நீட்டினார். அவள் அதை வாங்கவே இல்லை. அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையை விட்டு விலகி, எங்களைத் தேடிக் கண்ணாடிப் பக்கம் திரும்பினார். சந்தையில் எத்தனையோ பேரை அதட்டிய மனுஷி, அந்தத் தாளை எங்களைப் பார்த்துத் தூக்கிக் காட்டினார்.

அண்ணன் பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். உள்ளே நாலு எட்டு வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். தலைக்கு மேலே பெரிய பலகையில் ஊர்ப் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. பாங்காக், தோஹா, கொழும்பு, பிராங்க்பர்ட். வாய் திறந்தபடி அண்ணாந்து படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அக்கா நிக்கிறாங்க."

"ஒரு நிமிஷம் தம்பி" என்றார். அவர் கண்ணில் தண்ணீர். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

கவுண்டருக்குப் போனதும் வேறு மனிதராகிவிட்டார். எங்கள் ஊர் இங்கிலீஷில், ஒரு எழுத்து பிசகாமல், விதியை முதல் வரியிலிருந்து ஒப்பித்தார். அந்தப் பெண் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் கம்ப்யூட்டரில் தேடிப் படித்தார். அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க எந்த ஏர்லைன்ஸ் சார்?"

"நான் காரைக்கால்" என்றார் அண்ணன்.

அக்கா விமானம் ஏறிப் போய்விட்டார்.

மூன்று மாதம் கழித்துத் திரும்பி, நேரே ஆபீஸுக்கு வந்தார். அண்ணன் நோட்டை விரித்தார். வெளியே வந்ததும் என்ன வாசனை என்று கேட்டார். தெரியாது என்றார் அக்கா. பஸ் எப்படி, மரங்கள் எப்படி, மீன் மார்க்கெட் பார்த்தீர்களா? எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். சொல்தாவுக்கு நடந்தது இவருக்கும் நடக்கப்போகிறது என்று எனக்குப் பதைப்பாக இருந்தது.

"நான் ஊரைப் பாக்கல தம்பி, அவனைத்தான் பாத்தேன்" என்றார் அக்கா. "அத்தனை சனம் நிக்கிற எடத்துல கால்ல விழுந்து அழுவுறான். ஏந்திரிடா, ரெண்டு நாள்தான் இருக்குன்னு சொன்னேன்."

அந்த இரண்டு நாளும் அவன் தங்கியிருந்த அறையில், கூட இருந்த பையன்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கருவாட்டுக் குழம்பு வைத்தாராம். அப்பா எப்படிப் போனார் என்று அவன் கேட்க, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாராம். அடுத்த வருஷத் திதிக்கு வருவதாக அவன் சொல்லியிருக்கிறான். சொன்னபடியே வந்தும் சேர்ந்தான்.

அண்ணன் எதையும் எழுதவில்லை. நோட்டை மூடிவிட்டு, அக்காவுக்கு டீ வாங்கி வரச் சொன்னார்.

அந்த ஆபீஸ் இப்போது இல்லை. அண்ணன் காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். போன மாதம் ஒரு வேலையாகக் காரைக்கால் போன நான், போகிற வழியில் எட்டிப் பார்த்தேன். எவ்வளவு நேரம் இருப்பாய் என்று கேட்டார். ஒரு மணி நேரம்தான் அண்ணே என்றேன்.

"ஒரு மணி நேரமா? அது நெறைய தம்பி, உக்காரு" என்றார்.

மத்தியானச் சாப்பாடும் முடிந்து, வெயில் தாழ்கிற வரை உட்கார்ந்திருந்தேன். போன வேலையை மறுநாள்தான் பார்த்தேன்.