மட்டையை வெளியே அனுப்பிய நடுவர்

நடுவராக நிற்கிறவனுக்குக் கோபம் வரக் கூடாது என்று எல்லாரும் சொல்லுவார்கள். இரக்கமும் வரக் கூடாது என்று எவனும் சொல்லித் தருவதில்லை. என் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்தது கோபத்தால் அல்ல, பாழாய்ப் போன இரக்கத்தால்தான்.

அப்போது உடற்கல்வி ஆசிரியராக வேலையில் சேர்ந்த புதிது. சாஃப்ட்பால் நடுவர் தேர்வு எழுதித் தேறியிருந்தேன். (அது என்ன விளையாட்டு என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. கிரிக்கெட் மாதிரி, ஆனால் மட்டை உருண்டையாக இருக்கும் என்று சொல்லி வைத்திருந்தேன். "அப்ப உலக்கைனு சொல்லு" என்றார் மாமா.) பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்தது, சாமான்களை விட்டெறியும் ஆட்டக்காரர்களைக் கையாளும் பாடம். வியர்வையில் கை நழுவி மட்டை பறந்தால் அது விபத்து. ஆத்திரத்தில் மட்டையையோ ஹெல்மெட்டையோ எறிந்தால் குற்றம். முதல் தடவை கிட்டப் போய், குரலை உயர்த்தாமல் எச்சரிக்க வேண்டும். அந்த அணியின் ஆசிரியரிடமும் சொல்லிவிட வேண்டும். மறுபடியும் செய்தால் ஆட்டத்தை விட்டு வெளியே அனுப்ப வேண்டும். பிரசங்கம் கூடாது, விரலை ஆட்டக் கூடாது, விவாதம் கூடவே கூடாது. வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று எத்தனையோ பேரை வெளியே அனுப்பிப் பழகினேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இவனுக்குச் சீக்கிரம் ஒரு பொண்ணைப் பாக்கணும்" என்று பெருமூச்சு விட்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி மாணவிகளுக்கான இறுதி ஆட்டம். மலைப்பக்கம் காலையிலிருந்தே இருண்டு கிடந்தது. தளவாய்புரம் பக்கத்துப் பள்ளி ஒன்று, உள்ளூர்ப் பள்ளி ஒன்று. இரண்டிடமும் சொந்த மட்டை கிடையாது. போட்டி நடத்துகிறவர்கள் கொண்டுவந்த மட்டைகளில் ஒன்று முந்தின ஆட்டத்திலேயே விரிசல் விட்டுவிட்டது. மிச்சமிருந்த ஒரே மட்டையை இரண்டு அணியும் மாற்றி மாற்றி எடுத்து அடித்துக்கொண்டிருந்தன. இதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் நின்றேன் என்பதை வாசகர்கள் மறந்துவிடக் கூடாது.

தளவாய்புரம் அணியின் ஆணிவேர் சண்முகக்கனி. பன்னிரண்டாம் வகுப்பு. நல்ல கை, மூக்கு நுனியில் கோபம். அவுட் ஆனதும் ஹெல்மெட்டைத் தரையில் ஓங்கி அடித்தாள். பாடத்தில் படித்தபடியே கிட்டப் போனேன், மெல்லிய குரலில் எச்சரித்தேன், அவளுடைய ஜெபமணி டீச்சரிடமும் சொன்னேன். டீச்சர் கையைப் பிடிக்காத குறை.

"சார், எங்கிட்ட சரியா ஒம்பது பிள்ளையதான் இருக்கு. ஒருத்தி வெளிய போனாலும் ஆட்டமே போச்சு. இதுல ஜெயிச்சாத்தான் இவளுக்கு அடுத்த போட்டி, சர்டிபிகேட், காலேஜ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டா எல்லாம். இல்லைன்னா அவங்கப்பா மில்லுக்கு அனுப்பிருவாரு. கொஞ்சம் பாத்துச் செய்யுங்க."

அங்கேதான் என் நெஞ்சுக்குள் அந்தச் சனியன், இரக்கம், வந்து உட்கார்ந்தது.

கடைசிச் சுற்று. தளவாய்புரம் ஒரே ஒரு ஓட்டம் பின்தங்கியிருந்தது. இரண்டு பேர் அவுட், இன்னொருத்தி அவுட் ஆனால் ஆட்டம் முடிந்தது. இரண்டு பேர் ஓடத் தயாராக நிற்கிறார்கள். கனி அடிக்க வந்தாள். இரண்டாவது ஸ்ட்ரைக் (மூன்று விழுந்தால் அவுட்) என்று நான் கை தூக்கியதுதான் தாமதம், "அது வெளிய போச்சு சார்!" என்று கத்தி மட்டையைச் சுழற்றி எறிந்தாள். அது கம்பி வேலியில் மோதி விழுந்தது.

மைதானமே என்னைப் பார்த்தது. விதிப்படி அவள் வெளியே போக வேண்டும். போனால் ஆட்டம் முடிந்தது, காலேஜும் முடிந்தது. ஜெபமணி டீச்சர் கண்ணை மூடி ஜெபம் பண்ணத் தொடங்கிவிட்டார். அந்த நொடியில் உலகத்தில் எந்த நடுவருக்கும் தோன்றாத யோசனை எனக்குத் தோன்றியது. நெஞ்சை நிமிர்த்தி, கண்ணாடி முன்னால் பழகிய அதே கையசைப்போடு அறிவித்தேன்:

"எறியப்பட்ட மட்டை வெளியேற்றப்படுகிறது! இந்த ஆட்டத்தில் அது மறுபடி உள்ளே வரக் கூடாது!"

நாலைந்து பேர் கைதட்டினார்கள். எனக்கே புல்லரித்தது. பிறகு அடுத்த பந்தை வீசச் சொன்னேன். கனி வெறுங்கையோடு நின்றாள்.

"எதை வச்சு சார் அடிக்க?" என்றாள்.

ஓரத்தில் நின்ற இன்னொரு நடுவர் பால்ராஜ் அண்ணாச்சி நிதானமாக நடந்து வந்தார். "தம்பி, இம்புட்டு நாளும் ஆளைத்தான் வெளிய அனுப்பிப் பாத்திருக்கேன். நீரு ஆட்டத்தையே அனுப்பிட்டீரே" என்றார்.

சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று பார்த்தால், எதிரணி மாஸ்டர் குறுக்கே வந்து நின்றார். "நடுவர் சொன்னா சொன்னதுதான். அந்த மட்டை உள்ள வந்துச்சுன்னா புகார் எழுதுவேன். வேற மட்டை கொண்டாங்க, வெளிச்சம் இருக்க மட்டும் காத்திருக்கோம். பொறவு ஜெயிச்சது நாங்கதான்."

அக்கம்பக்கத்தில் சாஃப்ட்பால் மட்டை இருக்கும் ஒரே இடம் ராஜபாளையத்தில் என் சிநேகிதன் சேகர் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம். போன் போட்டேன். ஒரு பெண் அழுதுகொண்டே எடுத்தார். சேகரின் அப்பா அன்று விடியற்காலையில் தவறிவிட்டாராம்.

"அய்யோ, துட்டி வீட்டுல போயி மட்டையக் கேக்க முடியுமா?" என்றேன்.

"சாமான் ரூம் சாவி அவன்கிட்டதான் இருக்கும். அந்தப் பிள்ளை மூஞ்சியப் பாரும். பாத்துட்டு, போகலாமா வேண்டாமானு நீரே சொல்லும்" என்று அண்ணாச்சி தன் பைக் சாவியை நீட்டினார். கனி வேலியோரம் தனியாக உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். புறப்பட்டேன்.

போன அவசரத்தில் மார்புக் கவசத்தைக் கழற்றவில்லை. முகமூடியைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டபடியே போய்ச் சேர்ந்தேன். வழியில் ஒரு மாலை வாங்கிக்கொண்டதுதான் அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம். பந்தலுக்குள் நுழைந்ததும் கொட்டு அடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு கணம் கையை நிறுத்திவிட்டார்கள். வாசலில் நின்ற நாய் குரைத்துக்கொண்டே பின்வாங்கியது. ஐஸ் பெட்டியின் மேல் மாலையை வைத்துவிட்டுத் திரும்பினால், சேகர் ஓடிவந்து கட்டிக்கொண்டான்.

"ஏலே முருகேசா! ஆட்டத்தைப் பாதியில போட்டுட்டு, உடுப்பைக் கூட மாத்தாம ஓடியாந்துட்டியேலே! கூடப் பொறந்தவன் கூட இன்னும் வந்து சேரலையேலே!"

சுற்றி நின்ற பெண்கள் இதைக் கேட்டு ஒரு பாட்டம் அழுதார்கள். "சிநேகிதம்னா இதுல்லா" என்று ஒரு பெரியவர் என் மார்புக் கவசத்தைத் தட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகு எந்த வாயால் சாவியைக் கேட்பேன்? நானும் அழுதேன். அது பாதி அவன் அப்பாவுக்காக, பாதி மேற்கே இருட்டிக்கொண்டு வந்த வானத்துக்காக.

அதற்குள் சேகரை நீர்மாலை எடுக்க வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். குளித்து, ஈரத் துணியோடு குடத்தில் தண்ணீர் எடுத்து வர வேண்டும். அவன் மடியிலிருந்த பர்ஸ், போன், சாவிக்கொத்து எல்லாவற்றையும் எடுத்து என் கையில் திணித்தான். "செத்த நேரம் வச்சிரு. உன்னையத்தான் நம்புதேன்."

அந்தச் சொல்லைக் கேட்டும் ஓடினேன் என்றால் நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் அடுத்த தெருதான். சீக்கிரம் எடுத்துவிட்டு வந்து கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மட்டை கைக்கு வந்ததும் தூறல் விழுந்தது. தூறல் விழுந்ததும் புத்தி போய்விட்டது. பைக் தானாக ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் திரும்பிவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது கோபுரம் இருட்டில் கரைந்துகொண்டிருந்தது. எதிரணி மாஸ்டர் வானத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மட்டையை வாங்கிக்கொண்ட கனி, "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றாள். அவள் ஜெயிக்க வேண்டும் என்று, நடுவர் வேண்டக் கூடாத வேண்டுதலை ஆண்டாளிடம் வேண்டிக்கொண்டு குனிந்து நின்றேன்.

பந்து வந்தது. அதே சமயம் என் சட்டைப் பைக்குள் சேகரின் போன் அதிர்ந்தது. கனி அடிக்கவில்லை. முழங்கால் உயரத்தில் பந்து அவளைக் கடந்தது. முழங்காலுக்கு மேலா, கீழா? மேலே என்றால் ஸ்ட்ரைக், கீழே என்றால் இல்லை. மேலே போனதாகத்தான் பட்டது. என் கை தானாக எழுந்தது.

"ஸ்ட்ரைக்!"

ஆட்டம் முடிந்தது. எல்லார் கண்ணும் மட்டையின் மேலேதான். அவள் அதை எறிந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தாள். அதன் பக்கத்தில், தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துவதைப் போல, சத்தமே இல்லாமல் மட்டையை வைத்தாள். என்னைப் பார்க்காமல் நடந்து போனாள். அன்றைக்கு நான் உடைந்து போனேன், பொய் சொல்லவில்லை.

மறுபடி ராஜபாளையம் போனால், சுடுகாட்டில் எல்லாம் முடிந்திருந்தது. அப்பாவுக்குப் போர்த்த வைத்திருந்த பட்டு வேட்டி பீரோவுக்குள். பீரோ சாவி என் பைக்குள். கடப்பாரை கொண்டுவந்து நெம்பித் திறந்தார்களாம். என் கவசத்தைத் தட்டிக்கொடுத்த பெரியவர் இப்போது என்னை அடிக்கவே வந்துவிட்டார். மொட்டைத் தலையோடு நின்ற சேகர் அவரைத் தடுத்தான். ஜெபமணி டீச்சரோ அண்ணாச்சியோ அங்கிருந்த வேறு யார் போனுக்காவது பண்ணி விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும்.

"மட்டை கெடைச்சுதாலே?"

"கெடைச்சுது."

"அந்தப் பிள்ளை ஜெயிச்சாளா?"

"இல்லலே."

அவன் திரும்பவும் அழ ஆரம்பித்தான். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. (இப்போதும் எந்த விசேஷ வீட்டில் என்னைக் கண்டாலும் அவன் கை முதலில் தன் சட்டைப் பையைத்தான் தொட்டுப் பார்க்கும்.)

சில வருஷம் கழித்து, என் தம்பிக்குப் பெண் பார்க்கத் தளவாய்புரம் போனோம். பெண் மில்லில் வேலை பார்க்கிறது, அமைதியான பிள்ளை என்றார் தரகர். காபித் தட்டோடு கனி வந்தாள். அம்மாவுக்கு, தம்பிக்கு, தரகருக்கு என்று டம்ளர்களை ணங்கு ணங்கென்று வைத்துக்கொண்டே வந்தாள். என் முன்னால் வந்ததும் நின்றாள். குனிந்து, சத்தமே இல்லாமல், டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அது முழங்காலுக்குக் கீழதான் போச்சு, சார்" என்றாள்.

"யாருக்குத்தா முழங்கால் வலி?" என்று அம்மா பதறிப்போய்க் கேட்டாள்.

மாப்பிள்ளை நடுவர் இல்லை என்பதை நன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் கனி சம்மதம் சொன்னாள். இன்றைக்கும் எங்கள் வீட்டு அடுக்களையில் பாத்திரங்கள் தடதடவென்று உருண்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எல்லாம் சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் நான் ஏதாவது பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு கரண்டி ஓசையில்லாமல் மேடையில் வைக்கப்பட்டால், தம்பி என் காதில் கிசுகிசுப்பான்.

"அண்ணே, இது ரெண்டாவது தடவை. வெளிய போயிரு."

விவாதம் கூடவே கூடாது என்பது விதி. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவேன்.