நாற்பத்தைந்தாவது சம்மதம்

டீ குடித்துவிட்டு மாடியேறி வருவதற்குள் மூன்று பேர் மனசு மாறிவிட்டார்கள்.

உதயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் திரையைப் பார்த்தான். போகும்போது ஐம்பத்தாறு சம்மதம். இப்போது ஐம்பத்து மூன்றேதான்.

விஷயம் இதுதான். சென்னையில் கைநிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவன், அதை உதறிவிட்டுத் திருத்தணிக்கு வந்து, முஸ்தஃபாவின் செல்போன் ரிப்பேர் கடைக்கு மேலே ரூம் பிடித்து, 'தணிகை காயின்' என்று ஒரு கிரிப்டோ காயினை உண்டாக்கியிருந்தான். "எனக்கு ஆள் பிடிக்கத் தெரியாது பாய். நீங்களே போன் போனா நம்ம ஆப்பை ஏத்திவுடுங்க" என்று முஸ்தஃபாவிடம் பொறுப்பைக் கொடுத்தான். ஒரே மாதத்தில் அறுபது சேர்ந்தாச்சு என்றான் முஸ்தஃபா. அந்த அறுபது போன்களும் சேர்ந்துதான் காயினை ஓட்டிக்கொண்டிருந்தன.

காயினுக்குத் தெரிந்தது ஒரே வேலை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும். 'இது நடந்தால் போ, நடக்காவிட்டால் போகாதே' என்று நிபந்தனை போட்டால் பேந்தப் பேந்த விழிக்கும். நிபந்தனையைப் புரிந்துகொண்டு தானாகவே நிறைவேற்றும் ஸ்மார்ட் கான்ட்ராக்டைக் காயினின் அடித்தளத்திலேயே இறக்கிவிட வேண்டும் என்பது உதயாவின் ஆசை. அதற்கு ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள், பகல் பன்னிரண்டு மணிக்கு, போனுக்கு ஒன்றாக நாற்பத்தைந்து சம்மதமாவது திரையில் நிற்க வேண்டும். ஒரு போன் இணைப்பிலிருந்து விலகினால் அதன் சம்மதமும் போய்விடும். விதியை எழுதியவன் அவனே. ஆனால் அவனாலும் அதை மாற்ற முடியாது.

நிற்காவிட்டால் லுங்கி மடிக்கப் போக வேண்டும். மாமனார் வேடியப்பனுக்குப் பொதட்டூர்பேட்டையில் லுங்கிக் கடை. தை மாதத்திலிருந்து போன் இல்லாத மனிதர். எதற்கெடுத்தாலும் பஸ் ஏறி நேரிலேயே வந்துவிடுவார். அப்படி வந்தவர்தான் கெடு வைத்தார்.

"கிருத்திகைக்குள்ள உன் காயின் உருப்படலைன்னா, நம்ம கடையில வந்து குந்திக்கோ மாப்ள."

உதயாவும் வீராப்பாகச் சரி என்றுவிட்டான். அவனுக்காகப் புது ஸ்டூல் வாங்கிப் போட்டாயிற்று என்று மனைவி சுசித்ரா சொன்ன நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஜனங்களுக்குப் புரியல, அதான் பின்வாங்கறாங்க" என்று முடிவு கட்டிக் கீழே இறங்கினான். கடையில் முஸ்தஃபாவின் தங்கை ஷபீனா இருந்தாள். எதிரே பூக்காரி கன்னியம்மாள் நின்றிருந்தாள். உதயா அவளையே பிடித்துக்கொண்டான்.

"வேண்டுதல் மாதிரிக்கா இது. பையன் பாஸானா மொட்டை போடறேன்னு வேண்டிக்கிறீங்க. பையன் பாஸாயிட்டா இது தானா நடத்திடும்."

"நடுவுல நிறுத்த முடியாதா?"

"முடியாது."

"தள்ளிப்போட?"

"அதுவும் முடியாதுக்கா. அதான் இதோட பெருமையே."

கன்னியம்மாள் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "என் புள்ள பாஸாயி நாலு வருசமாச்சு. முருகரே வாயத் தொறக்காம பொறுமையா கீறாரு. உன் காயினுக்கு இன்னா அவ்ளோ அவசரம்?"

ஷபீனா நீட்டியதை வாங்கிப் பூக்கூடைக்குள் போட்டுக்கொண்டு அவள் நடையைக் கட்டினாள். உதயா மேலே போய்ப் பார்த்தான். ஐம்பத்திரண்டு.

விளக்கம் எடுபடவில்லை என்றால் இனாம் எடுபடும். மறுநாள் கடை வாசலில் போர்டு வைத்தான்: 'தணிகை காயின் சார்பில் போனுக்கு ஸ்கிரீன் கார்டு இலவசம்.' பத்து மணிக்கே கூட்டம் படியை அடைத்தது. பைக் மெக்கானிக் சமியுல்லா அவன் தோளைத் தட்டினார்.

"நல்ல வேளை போர்டு வெச்சே. இந்தக் கடைக்கு வரணும்னு ஆறு மாசமா நெனச்சுகினே இருந்தேன், மறந்துகினே இருந்தேன்."

உதயாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சாயங்காலம் திரையைப் பார்த்தால் நாற்பத்தெட்டு.

"கூட்டம் கூடக்கூட ஓட்டு கொறையுது பாய். இன்னா கணக்கு இது?"

முஸ்தஃபா கழுத்தைச் சொறிந்தான். "கூட்டமே வேணாம் உதயா. கம்முனு இருந்தாலே உன் வேலை நடக்கும்."

"ஜனங்களை எட்டிப் பிடிக்க வேணாமா?"

"எட்டிப் பிடிக்காதே. நான் சொல்றதைக் கேளு" என்றவன், மேற்கொண்டு கேள்வி வருவதற்குள் அரக்கோணத்தில் ஸ்பேர் வாங்க வேண்டும் என்று ரயிலேறிவிட்டான்.

கம்மென்று இருக்க உதயாவுக்கு எந்தக் காலத்தில் முடிந்திருக்கிறது? ஆட்டோவில் மைக் கட்டினான். 'முஸ்தஃபா கடையோடு தொடர்புடைய பெரியோர்களே, தாய்மார்களே, கிருத்திகைக்கு முன் ஒருமுறை கடைக்கு வந்து போகும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.' பஜாரிலும் பஸ் ஸ்டாண்டிலும் ஆட்டோ நாலு முறை சுற்றியது. அன்று அவன் சாப்பிட உட்கார்ந்தபோது நாற்பத்தைந்து. அதற்குப் பிறகு பயந்துபோய் எதையும் தொடவில்லை.

கெடு நாள். பதினொன்றே முக்காலுக்கு வேடியப்பன் படியேறி வந்தார். கையில் ஒரு லுங்கி.

"மடிச்சுப் பழகிக்கோ. இன்னா ஆச்சு உன் ஓட்டு?"

"நாப்பத்தஞ்சு நிக்குது மாமா. ஒண்ணு கொறைஞ்சாலும் போச்சு."

வேடியப்பன் திரையெதிரே உட்கார்ந்தார். பத்து நிமிடம் போயிற்று. எண் அசையவில்லை. மலைக்குப் போகும் காவடிகளின் மேளம் ஜன்னல் வழியாகக் கேட்டது. உதயா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். மாமனாருக்கு அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. போதாக்குறைக்கு, அந்த நாற்பத்தைந்து பேர் மேல் அவருக்கே ஒரு மரியாதை வந்துவிட்டது.

"முகம் தெரியாத ஆளுங்க, உன்னை நம்பி இப்டி நிக்கறாங்களே. நான்தான் உன்னைத் தப்பா எடை போட்டுட்டேன் மாப்ள."

உதயாவுக்குக் கண் கலங்கியது. கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அவர் இப்படிப் பேசியதே இல்லை.

"இன்னும் நாலு நிமிசந்தான். இருந்து பாருங்க மாமா."

"நீ பாரு. கீழ கடையில போன் இருக்கும், சுசித்ராவுக்கு நானே சேதி சொல்றேன்." லுங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, துள்ளாத குறையாக இறங்கிப் போனார்.

பன்னிரண்டு அடிக்க ஒரு நிமிடம் இருந்தது. எண் அசைந்தது. நாற்பத்து நான்கு.

உதயா திரையைத் தட்டினான், ஒயரை ஆட்டினான். மணி பன்னிரண்டாயிற்று. 'கோரிக்கை நிராகரிக்கப்பட்டது' என்று அவன் எழுதிய வாசகமே அவன் முன் வந்து நின்றது.

தடதடவென்று கீழே ஓடினான். மூலையில் கண்ணாடி விரிசல் விட்ட ஒரு பழைய போனில் வேடியப்பன் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார். "ஆங், ஜெயிச்சுட்டான்மா உன் வூட்டுக்காரன். அந்த ஸ்டூலைத் தூக்கி உள்ள போட்டுட வேண்டியதுதான்."

"ஷபீனா, இப்ப யாராவது வந்து நம்ம காயின் வேணாம்னு சொன்னாங்களா?"

கையில் தனியாகத் தொங்கிய சார்ஜர் ஒயரைச் சுற்றிக்கொண்டே ஷபீனா குரலைத் தாழ்த்தினாள்.

"கோச்சுக்காதீங்கண்ணா, உங்க காயின்ல இருந்த அறுபது பேரும் ரிப்பேருக்குக் குடுத்துட்டு வாங்காம போன போனுங்கதான், நாப்பத்தஞ்சாவதா இருந்தது உங்க மாமனார் தையில குடுத்தது."